வல்லமை கொண்ட பெண்கள் - 9: ஆண்டாள் கேட்டதும் நாம் காட்டியதும்

சென்ற வாரம் அவ்வையாரைப் பார்த்தோம். 1953-இல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி.சுந்தராம்பாள் மன்னர்களுக்கே புத்தி சொன்னார், ஊர் கைதட்டியது. கண்ணகிக்கும் அப்படித்தான். 1964-இல் வந்த 'பூம்புகா'ரில் சி.ஆர்.விஜயகுமாரி அரசவையில் நீதி கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. 1968-இல் மெரினா கடற்கரையில் அவளுக்குச் சிலையும் வைத்தோம். ஆனால் இந்த இருவரின் அதிகாரத்துக்கும் முன்கூட்டியே ஓர் அனுமதி கிடைத்துவிட்டது. அவ்வை ஆசைகளைக் கடந்த மூதாட்டி. கண்ணகி கணவனுக்காகச் சினந்தவள். வயது முதிராதவள், மணமாகாதவள், தனக்காகவே ஒன்றைக் கேட்டவள் என்றால் நம் கலைகள் என்ன செய்கின்றன? இதற்கு விடை தேட ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரை விடப் பொருத்தமான ஊர் இல்லை. காவியமும் சினிமாவும் ஆண்டாளை மணப்பெண்ணாகச் சுருக்கிவிட்டன. அவளுடைய அதிகாரத்தை இன்றைக்கும் நம் கண்முன் நிகழ்த்திக் காட்டுவது அவள் ஊர்க் கோயிலின் வழிபாடுதான் என்பது என் கட்சி.

முதலில் அவள் சொல்லைப் பார்ப்போம். திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் அவள் ஒரு கூட்டத்தின் தலைவி. தூங்கும் தோழியரை வீடு வீடாகப் போய் எழுப்புகிறாள், வாயில் காப்போனிடம் கதவைத் திறக்கச் சொல்கிறாள், சங்கு, பறை, விளக்கு, கொடி, விதானம் என்று கண்ணனிடமே பட்டியல் போட்டுக் கேட்கிறாள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் குரல் இன்னும் ஏறுகிறது. காமனுக்கு நோன்பிருந்து, மனிதருக்கு வாழ்க்கைப்படும் பேச்சு எழுந்தாலே உயிரோடு இருக்க மாட்டேன் என்கிறாள். திருமாலை இன்றே வரும்படி கூவாவிட்டால் சோலையை விட்டே விரட்டிவிடுவேன் என்று குயிலை மிரட்டுகிறாள். மதுரைப்புறத்துக்கும் ஆய்ப்பாடிக்கும் துவாரகைக்கும் என்னைக் கொண்டு சேருங்கள் என்று உறவினரைப் பணிக்கிறாள். அவன் வராவிட்டால் பயனற்றுப்போன தன் மார்பைப் பறித்து அவன் மார்பிலேயே எறிவேன் என்றும் சொல்கிறாள். கண்ணகி மார்பைத் திருகி எறிந்தது கணவனைக் கொன்ற ஊரின் மீது. ஆண்டாளின் சினம் தன் ஆசைக்குப் பதில் சொல்லாதவன் மீது. அந்த வேறுபாட்டில்தான் நம் கலைஞர்கள் தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

தயக்கம் இன்று நேற்றையது அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய 'ஆமுக்தமால்யதா' அவள் பெயரையே தாங்கிய காவியம். ஆனால் அவள் தந்தை பெரியாழ்வார் என்கிற விஷ்ணுசித்தர் பாண்டியன் அவையில் வாதில் வென்றதும் வேறு பல கிளைக்கதைகளும் போக எஞ்சிய இடமே அவளுக்குக் கிடைத்தது. 1968-இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'திருமால் பெருமை'யில் ஆண்டாளாக கே.ஆர்.விஜயா, பெரியாழ்வாராக சிவாஜி கணேசன். ஆழ்வார்களின் பக்தியைச் சொல்ல எடுத்த படம் அது. அதில் அவள் கதை ஒரு தந்தை பெற்ற பேறாக முடிகிறது. கல்யாணப் பந்தலில் நாம் எடுத்துக்கொண்டதும் கனவில் மணம் கண்ட 'வாரணம் ஆயிர'த்தை மட்டும்தான். அந்தத் தொடர் 2008-இல் ஒரு சினிமாவுக்குப் பெயராகவும் ஆனது. அதே நாச்சியார் திருமொழியில் அவள் மிரட்டும் பாசுரங்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

இனி கோயிலுக்கு வருவோம். கருவறையில் ஆண்டாள், பெருமாளான ரெங்கமன்னார், கருடன் மூவரும் ஒருசேர நிற்கிறார்கள். தனிச் சன்னிதியில் ஒதுங்கிய தாயார் அல்ல இவள். ஆடிப்பூரத் திருவிழாவின் ஏழாம் நாள் சயன சேவையில் ரெங்கமன்னார் ஆண்டாளின் மடியில் தலை வைத்துக் கிடப்பார். பாற்கடலில் திருமகள் திருமாலின் காலடியில் இருக்கும் படத்தையே பார்த்துப் பழகியவர்கள் இதை நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். புரட்டாசியில் அவள் சூடிக் களைந்த மாலை திருப்பதிக்குப் போகிறது. பிரம்மோற்சவத்தின் கருட சேவையில் வேங்கடவன் அதை அணிகிறார். சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகரும் அவள் மாலையைச் சூடித்தான் இறங்குகிறார். பெருமாளுக்குரிய மாலையை அவள் முதலில் சூடியதைக் கண்டு தந்தை குற்றம் என்று பதறிய செயலை ஆண்டுதோறும் முறையாகவே நடத்துகிறது ஒரு மரபு. அவள் கொடுப்பவள், பெருமாள்கள் பெற்றுக்கொள்பவர்கள். திரைக்கதை எழுதுபவருக்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுமா?

இதற்கு மறுப்புகள் உண்டு. நாச்சியார் திருமொழியை எல்லோர் முன்னும் காட்ட முடியாது, குடும்பத்தோடு பார்க்கும் படத்தில் அதற்கு இடமில்லை என்பார்கள். ஆனால் ஆசாரத்தைக் கட்டிக்காத்த வைணவ உரையாசிரியர்களே அந்தப் பாசுரங்களைத் தள்ளவில்லை. பெரியவாச்சான் பிள்ளை முழு நூலுக்கும் உரை எழுதினார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது? இன்னொரு மறுப்பு கனமானது: அவள் கேட்டது சரணாகதி, தன்னை இழப்பது எப்படி வல்லமையாகும்? யாரிடம், எந்த நிபந்தனையில் தன்னைத் தருவது என்பதை அவளே தீர்மானித்தாள் என்பதுதான் பதில். தந்தையும் சுற்றமும் முடிவு செய்யவேண்டிய ஒன்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டவளை அடங்கிப்போனவள் என்று சொல்வது பொருந்தாது.

பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் 2018 ஜனவரியில் தினமணி நடத்திய நிகழ்ச்சியில் 'தமிழை ஆண்டாள்' என்ற தலைப்பில் கவிஞர் வைரமுத்து ஆற்றிய உரை நம் தயக்கத்தை வேறு விதமாகக் காட்டிக்கொடுத்தது. ஆண்டாள் தேவதாசி குலம் என்ற பொருளில் அவர் மேற்கோள் காட்டிய ஒரு வரிக்காகத் தமிழ்நாடெங்கும் போராட்டம் நடந்தது. அவர் வருத்தம் தெரிவித்தார். பக்தர்களின் மனம் புண்பட்டதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அத்தனை நாள் நடந்த சண்டையும் அவள் யார் மகள், எந்தக் குலம் என்பதைச் சுற்றியே நடந்தது. அவள் என்ன பாடினாள் என்பதைப் பேசியவர்கள் குறைவு. ஆண்டாள் என ஒருத்தி இருந்ததே இல்லை, எல்லாம் பெரியாழ்வாரின் படைப்பு என்று அதற்கு முன்பே ராஜாஜியும் கருதியதுண்டு. பழித்தாலும் போற்றினாலும் ஐயப்பட்டாலும் அவள் சொல்லுக்கு உரியவள் அவள்தான் என்று ஏற்பதில் எல்லாத் தரப்புக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது.

கோயிலை மட்டும் உயர்த்திப் பேசுவதும் நியாயமாகாது. அங்கே அரையர் சேவையில் குல்லாய் அணிந்து, தாளம் தட்டி, பாசுரங்களை அபிநயத்தோடு சேவிப்பவர்கள் ஆண்கள்தான். பூஜை செய்பவர்களும் ஆண்கள்தான். பெண் தெய்வத்துக்குக் கிடைத்த மடி, மாலை, முதலிடம் எல்லாம் ஊர்ப் பெண்ணுக்குத் தானாக வந்துவிடாது. ஆனால் ஒரு கலை வடிவம் சமூகத்தை மாற்றியதா என்பது ஒரு கேள்வி; அது தன் நாயகியிடம் நேர்மையாக இருந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் தேறிவிட்டது, தமிழ் சினிமா இன்னும் தேறவில்லை. இனி ஆண்டாளைப் படமாக்க வரும் இயக்குநர்கள் கல்யாணக் கனவோடு கதையை முடிக்காமல், குயிலை மிரட்டிய பெண்ணிடமிருந்து தொடங்கட்டும்.