தோப்பும் வீடும் விலைக்கு வரும்போது

1690ஆம் ஆண்டு தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேரும் நிலத்துக்கு எல்லை எது? பீரங்கியால் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அதுவரை. அதற்கென்றே நெடுந்தூரம் சுடும் பீரங்கியைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார்கள். குண்டு விழுந்த தூரத்துக்குள் கடலூரே அடங்கிவிட்டது. சுற்றியிருந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். அங்கே குடியிருந்தவர்களையும் உழுதவர்களையும் யாரும் கேட்கவில்லை. பிறகு மஞ்சக்குப்பத்தில் கம்பெனி அதிகாரிகளுக்குத் தோட்ட வீடு எழுந்தது. 1756இல் இங்கே துணை ஆளுநராக இருந்த ராபர்ட் கிளைவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்த 'கார்டன் ஹவுஸ்', பின்னாளில் மாவட்ட ஆட்சியரின் இல்லமானது.

இப்போது அதே மண்ணில் பழைய வீடுகள் விலைக்கு வருகின்றன. தேக்குத் தூண், முற்றம், நாட்டு ஓடு, பின்கட்டில் கிணறு, அதை ஒட்டித் தென்னந்தோப்பு, தள்ளி நாலு காணி நஞ்சை. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லை. வாங்க வருபவரின் கண் தூண்களில் நிற்கிறது. அந்த வீட்டில் யார் யாருக்குப் பாத்தியம் உண்டு என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

பட்டா பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே இருக்கும். விற்க முன்வருபவர் மூத்த பேரன். அவருடைய அத்தைகள் கட்டிக்கொடுத்துப் போய் நாற்பது ஆண்டு ஆகியிருக்கலாம். பங்கு அதனால் போய்விடாது. உயில் எழுதாமல் இறந்த இந்துவின் சுயார்ஜித சொத்தில் மனைவிக்கும் தாய்க்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆனால் குடும்பம் வசிக்கும் வீட்டைப் பிரித்துக்கேட்கும் உரிமையை மட்டும் பெண்களுக்குத் தராமல், அதன் 23ஆம் பிரிவு தடுத்து வைத்தது. அந்தத் தடை 2005இல் நீங்கியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இல், அப்போது மணமாகாத பெண்களுக்கு, கொண்டுவந்தது; 2005இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. அப்பா அன்று உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது. ஆகவே வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திடுகிறார்களா, அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பது ஆபத்து.

'என் பங்கை மட்டும் விற்கிறேன்' என்று ஒருவர் தனியாக வந்தால் இன்னும் சிக்கல். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், உள்ளே போய்ச் சேர்ந்து குடியிருக்கச் சொத்து மாற்றச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பிறந்த வீட்டை இழக்க மனமில்லாத பெண்களுக்கு இது பெரிய ஆயுதம். தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு.

பத்திரம் பதிவாகிவிட்டதே என்று நிம்மதி கொள்பவர்கள் உண்டு. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலையல்ல என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கண்ணி அறாமல் வருகிறதா என்று வழக்கறிஞரை வைத்து வாங்குபவர்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய காலத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்ல வேண்டும்.

அளவிலும் ஏமாறலாம். சிதம்பரம் பக்கத்து டெல்டாக் கணக்கில் 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். வேறு பகுதிகளில் 100 குழி ஒரு காணி, அதாவது 132 சென்ட். ஒரே சொல், நாலு மடங்கு வித்தியாசம். பட்டாவோ ஹெக்டேரில் பேசும். புலப்படத்தை வைத்துச் சர்வேயரைக் கூட்டிவந்து கல் நட்டு அளந்தபிறகே விலை பேச வேண்டும்.

பழைய பத்திரங்களில் 'மாவடை மரவடை, நிதி நிட்சேபம்' சகிதம் விற்றதாக எழுதியிருக்கும். மாவும் தென்னையும் அப்படி வந்து சேரும். புதையல் சேராது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது மண்ணில் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த சிலைகள் வீட்டில் இருந்தால் அவற்றுக்கும் தனிச் சட்டம் உண்டு. இன்னொன்று: தேக்குக் கதவு, தூண், ஊஞ்சல் எவையெல்லாம் விலையில் அடக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், சாவி கைக்கு வரும் நாளில் சுவர் மட்டும் மிஞ்சும்.

வயலில் குத்தகைதாரர் இருந்தால் நிலம் கைமாறினாலும் அவர் உரிமை மாறாது. 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை. தோப்போரத்துக் குடிசைகளில் தலைமுறையாக வாழும் விவசாயக் கூலிகளுக்குக் குடியிருப்பு மனையையே உரிமையாக்கியது 1971ஆம் ஆண்டுச் சட்டம். 'ஆளைக் காலி செய்து தருகிறேன்' என்று தரகர் சொன்னால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது நல்லது. சட்டத்துக்காக மட்டுமல்ல, அந்தக் குடும்பங்களுக்காகவும்தான்.

சிதம்பரம் கோயிலூர்; சுற்றுவட்டாரத்தில் கோயில், மடம், கட்டளை, சத்திரம் என்று எழுதிவைத்த நிலங்கள் ஏராளம். அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி விற்பனையே செல்லாது. வட்டாட்சியர் அலுவலகத்து 'அ' பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலமெடுப்பு நடக்கும் புவனகிரி, சேத்தியாத்தோப்புப் பக்கம் அறிவிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்பதும் அவசியம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை ஊரே பார்த்தது. 2011 தானே புயலிலும் 2015, 2024 வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அக்கம்பக்கத்தார் கைகாட்டியே சொல்லிவிடுவார்கள்.

விற்பனை ஒப்பந்தம் எழுத்தில், பதிவோடு இருக்க வேண்டும். ரூ.20,000 அல்லது அதற்கு மேல் முன்பணத்தை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை போடுகிறது. வங்கி வழியே கொடுத்தால் சாட்சியும் ஆகும். விற்பவர் பின்வாங்கினால் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். போலிப் பத்திரம் என்று தெரியவந்தால் அதை ரத்து செய்யக் கேட்பதற்கும் மூன்று ஆண்டுதான். பட்டாவில் பிழை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்குமேல் மாவட்ட வருவாய் அலுவலர். ஆக்கிரமிப்புக்கும் மோசடிக்கும் மாவட்டக் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வாரிசுகளுக்குள் பிணக்கு என்றால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் கிடையாது.