தண்ணீரை நிறுத்தலாமா?

அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்தில் எழும் சண்டைகளில் பெரும்பாதி, சங்கத்தின் அதிகாரம் எதுவரை என்று இரு தரப்புக்கும் தெரியாததால் வருபவை. உவரி போன்ற கடற்கரை ஊரில் தனி வீட்டில் இருந்தவருக்கு இது புதிது. அங்கே வாசலைத் தாண்டினால் தெரு ஊராட்சியுடையது. அதே குடும்பம் பாளையங்கோட்டையில் ஒரு ஃபிளாட் வாங்கினால் மாடிப்படி, மோட்டார், லிஃப்ட், மொட்டைமாடி எல்லாம் பொது. அடிமனையில் அவர்களுக்குள்ள பங்கைப் பத்திரம் ‘பிரிபடாத பாகம்’ என்கிறது.

சங்கம் அமைய வழிசெய்வது கட்டுநரின் கடமை, அதில் பங்கெடுப்பது வாங்கியவரின் கடமை என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம். தமிழ்நாட்டில் பல சங்கங்கள் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அதன்படி நிர்வாகக் குழுவில் மூவராவது இருக்க வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும். பல இடங்களில் அந்தக் கணக்குதான் வருவதில்லை. கணக்குக் காட்டாத செயலாளர் பராமரிப்புப் பாக்கியைக் கேட்டால் யார் கொடுப்பார்?

பணத்தகராறு பெரும்பாலும் பங்கீட்டில் தொடங்குகிறது. சதுர அடிக்கு 2.50 ரூபாய் என்றால் 1,200 சதுர அடி வீட்டுக்கு மாதம் 3,000, 800 சதுர அடிக்கு 2,000. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக வைத்தால் சின்ன வீட்டுக்காரர் முணுமுணுப்பார். தரைத்தளத்துக்காரரோ லிஃப்ட் செலவு தனக்கெதற்கு என்பார். பொதுச்சொத்தில் பங்கு இருக்கும்வரை, பயன்படுத்தவில்லை என்பது பாக்கிக்குச் சாக்காகாது. எந்தக் கணக்கு என்பதைத் துணைவிதியில் முன்பே எழுதிவைப்பதே நல்லது.

பாக்கி வைத்தவர் வீட்டுத் தண்ணீர் வால்வை மூடுவது குழுக்கள் எடுக்கும் குறுக்குவழி. அது தவறு, சங்கமே வழக்கில் மாட்டிக்கொள்ளும். எழுத்தில் நோட்டீஸ், பொதுக்குழுத் தீர்மானம், பிறகு உரிமையியல் நீதிமன்றம் என்பதே முறை. குழுவே தவறு செய்தால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம்.

வழக்குப் போடுமுன்பே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை.