பிள்ளைக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடி அதிகமாக இருக்கும் திடப்பொருளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. ஒலிகோசாக்கரைடு எனப்படும் சிறு சர்க்கரைச் சங்கிலிகள்தான் அது. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். சீம்பாலில் இன்னும் கூடுதல். பசும்பாலில் பேருக்குத்தான் உண்டு. இவற்றை வெட்டும் நொதி சிசுவின் குடலில் இல்லை. பிறகு யாருக்காக இத்தனை பாடுபட்டுத் தாயின் உடம்பு இதைச் சுரக்கிறது?

1899இல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் ஆன்றி டிசியே என்ற மருத்துவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டைபோல் கிளைத்த பாக்டீரியாவைக் கண்டார். அதுதான் பிஃபிடோபாக்டீரியா. பாலிலுள்ள அந்தச் சர்க்கரை இதற்கான தீனி என்பது துலங்க மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது.

இந்தக் குடும்பத்தில் இன்ஃபான்டிஸ் என்ற வகை தனி ரகம். மற்றவற்றில் சில, சர்க்கரைச் சங்கிலியைச் செல்லுக்கு வெளியே உடைக்கும்; சிதறியதை அக்கம்பக்கத்து நுண்ணுயிர்களும் பொறுக்கிக்கொள்ளும். இன்ஃபான்டிஸோ, பந்தியில் உட்காராமல் சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிற ஆசாமி. சங்கிலியை முழுசாக உள்ளே இழுத்து, அங்கேதான் துண்டாடும். அதற்கான மரபணுக்கள் அதனிடம் கொத்தாக இருப்பதை 2008இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தின்றபின் அது வெளிவிடும் அசெட்டிக், லாக்டிக் அமிலங்கள் குடலைப் புளிப்பாக்குகின்றன. நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் லேசான புளிப்பு வாடை வருவதும் இதனால்தான், பதற வேண்டியதில்லை.

இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து ஒட்டிக்கொள்வது. சிசேரியனும் ஆன்டிபயாட்டிக்கும் அந்த வழியைக் குலைக்கின்றன. வங்கதேசக் குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணப்படும் இன்ஃபான்டிஸ், அமெரிக்கக் குழந்தைகளிடம் அரிதாகிவிட்டது.

அப்படியானால் வெளியிலிருந்து கொடுத்துவிடலாமா? ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை 2017இல் வெளியானது. கொடுத்தது இன்ஃபான்டிஸ் அல்ல, லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம். கூடவே அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரை. ஏழு நாள் மருந்துதான். இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. ஆனால் சோதனையில் இருந்தவர்கள் ஓரளவு எடையோடு பிறந்த பிள்ளைகள். குறைமாதப் பிள்ளைகளுக்கு உயிருள்ள பாக்டீரியாவே இரத்தத்தில் புகுந்து ஆபத்தாகலாம் என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கடையில் புரோபயாடிக் எனும் உயிருள்ள பாக்டீரியாப் பொட்டலம் வாங்கி நாமாகவே கரைத்துக் கொடுப்பது கூடாது.