பிள்ளை பகா எண்

எண் கோட்பாட்டில், பிள்ளை பகா எண் என்பது பின்வரும் இரு நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் ப என்னும் பகா எண் ஆகும். ஏதேனும் ஒரு நேர் முழு எண் ந-க்கு,

- ந! + 1 ஆனது ப-ஆல் மீதியின்றி வகுபடும்;
- ப − 1 ஆனது ந-ஆல் மீதியின்றி வகுபடாது.

இங்கு ந! என்பது 1 முதல் ந வரையுள்ள முழு எண்களின் பெருக்குத்தொகை, அதாவது காரணீயப் பெருக்கம். இவ்வெண்கள் தமிழகக் கணிதவியலாளர் சு. சி. பிள்ளையின் (சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901–1950) பெயரால் வழங்குகின்றன. அவர் 1929 முதல் 1941 வரை இன்றைய கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

பிள்ளையின் வினா

வில்சன் தேற்றத்தின்படி, ப பகா எண் எனில் (ப − 1)! + 1 ஆனது ப-ஆல் வகுபடும். இங்கு ந = ப − 1 என்பதால் ப − 1 ஆனது ந-ஆல் வகுபடுவது வெளிப்படை. ந! + 1 இன் எல்லாப் பகாக் காரணிகளுக்கும் இது பொருந்துமா என்பதே 1930 இல் இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் பிள்ளை எழுப்பிய வினா. சிறிய எண்களுக்குப் பொருந்துவதாகவே தோன்றும்:

- 5! + 1 = 121 = 11 × 11
- 6! + 1 = 721 = 7 × 103
- 7! + 1 = 5041 = 71 × 71

10 ஆனது 5 ஆலும், 6, 102 ஆகியவை 6 ஆலும், 70 ஆனது 7 ஆலும் வகுபடுகின்றன. ஆனால் 8! + 1 = 40321 = 61 × 661. இங்கு 60, 660 ஆகிய இரண்டும் 8 ஆல் வகுபடா. எனவே விடை "இல்லை" என்பதாகும். 61, 661 இரண்டும் பிள்ளை பகா எண்கள்.

எடுத்துக்காட்டு

மிகச்சிறிய பிள்ளை பகா எண் 23. இதற்கு ந = 14. பெரிய காரணீயப் பெருக்கத்தைக் கணிக்காமலேயே இதனைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் 23 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 4!, 8!, 11! ஆகிய மூன்றும் மீதி 1 தருகின்றன. 12 × 13 × 14 = 2184; இதனுடன் 1 கூட்ட 2185 = 23 × 95. எனவே 14! + 1 ஆனது 23 ஆல் வகுபடும். 22 ஆனது 14 ஆல் வகுபடாது.

14! + 1 இன் மற்றொரு காரணி 3790360487 என்னும் பத்து இலக்கப் பகா எண். 14! + 1 ஐ 14 ஆல் வகுத்தால் மீதி 1. 23 ஐ வகுத்தால் மீதி 9. பெரிய காரணியும் மீதி 1 தருமாயின் பெருக்குத்தொகையின் மீதி 9 ஆகியிருக்கும். அவ்வாறு இல்லாமையால் அதுவும் பிள்ளை பகா எண்ணே.

பண்புகள்

முதல் பத்து பிள்ளை பகா எண்கள்: 23, 29, 59, 61, 67, 71, 79, 83, 109, 137. பொருத்தமான ஒரே ஒரு ந இருந்தாலே போதுமானது. எடுத்துக்காட்டாக, 71 ஆனது ந = 7 க்கு நிபந்தனையை நிறைவு செய்யவில்லை; ஆயினும் 9! + 1 = 19 × 71 × 269 என்பதாலும், 70 ஆனது 9 ஆல் வகுபடாததாலும் அது பட்டியலில் இடம்பெறுகிறது.

பிள்ளை பகா எண்கள் முடிவிலி எண்ணிக்கையில் உள்ளன என்பதனைச் சுப்பாராவ், ஏர்டோசு ஆகியோர் நிறுவியுள்ளனர். ஆர்டி, சுப்பாராவ் ஆகியோரின் கட்டுரை 2002 இல் வெளிவந்தது. பிள்ளை அமெரிக்கா செல்லும் வழியில் 1950 ஆகத்து 31 அன்று கெய்ரோவுக்கு அருகே நிகழ்ந்த வானூர்தி விபத்தில் உயிரிழந்தார்.