பக்கத்து வீட்டு நாய் பாய்ந்தால்: முதலில் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள்

விடியுமுன் தோட்டத்தில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும்போதும், பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நடக்கும்போதும் பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்துக்கொண்டு பாய்ந்து வருவது நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு, பஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை. மோட்டாரில் போனால் காலைக் குறிவைத்து ஓடி வரும். சொந்தக்காரர் வாசலில் நின்றபடியே, "ஒண்ணும் செய்யாது, சும்மா போங்க" என்பார். இப்படி ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் என்னதான் செய்வது? தேநீரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த நாயின் நிலையைப் புரிந்துகொள்வோம். செம்பனைக் காட்டோரத்து வீட்டில் நாய் வளர்ப்பதற்குக் காரணம் உண்டு. இரவில் காட்டுப்பன்றி வரும், பாம்பு வரும், கோழித் திருடனும் வருவான். ஆனால் லயத்து வீடுகள் பலவற்றுக்கு வேலி கிடையாது. தன் எல்லை எங்கே முடிகிறது என்று நாய்க்கு யாரும் காட்டவில்லை. அதனால் நீங்கள் நடக்கும் செம்மண் சாலையையும் அது தன் வாசலாகவே எண்ணிக் காக்கிறது. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்து, மனிதர்களோடு பழகாமல் வளர்ந்த நாய் அவிழ்த்துவிட்டதும் மூர்க்கமாகும். கருத்தடை செய்யாத பெட்டை ஒன்று இருந்தால் சுற்றுவட்டார நாய்களெல்லாம் அங்கே கூடும். தனியாக இருந்தால் பின்வாங்கும் நாயும் கூட்டத்தில் சேர்ந்தால் துணிந்துவிடும்.

இத்தனைக்கும் பொறுப்பு நாயுடையது அல்ல, வளர்ப்பவருடையது. அதனால் முதல் வேலை அவரிடம் பேசுவது. நாய் விரட்டிய கோபத்தோடு அந்த நிமிடமே போகாதீர்கள். சாயங்காலம், அவர் வேலை முடிந்து குளித்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். "நாயைப் பாத்துக்குங்க" என்று பொதுவாகச் சொன்னால் "சரி சரி" என்பதோடு முடிந்துவிடும். செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: "அண்ணே, காலையில அஞ்சரையிலிருந்து ஏழரை வரைக்கும், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கும் கட்டி வச்சிருங்க. மத்த நேரம் அவுத்துவிடணும்னா ஒரு கதவு போடுங்க, கம்பி கட்ட நானும் கைகொடுக்கிறேன்." பெட்டைக்குக் கருத்தடை செய்யச் சொல்வதும் இதே பேச்சில் அடங்கும். பக்கத்தில் மலாய்க்காரர் குடும்பம் இருந்தால் அவர்கள் சங்கடத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். நாயின் எச்சில் பட்டால் மண் கலந்த நீரும் சேர்த்து ஏழு முறை கழுவுவது அவர்களுடைய சமயக் கடமை. அவர்கள் வாசலில் அந்த நாய் திரிவது வெறும் தொந்தரவு மட்டுமல்ல.

இப்படிப் போய்ச் சொல்வது நல்லுறவுக்காக மட்டுமல்ல. சட்டம் தொடங்குவதும் இங்கேதான். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, தன்னிடம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு நேரக்கூடும் என்ற நிலையில், தெரிந்தோ கவனக்குறைவாலோ அதைத் தடுக்காமல் விடுவதைக் குற்றமாக்குகிறது. 6 மாதம் வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். இந்தியாவுக்காக 1860இல் எழுதப்பட்ட சட்டத்திலிருந்து வந்த பிரிவு இது. இந்தியா 2024 ஜூலையில் புதிய சட்டத்துக்கு மாறியபோது அங்கே அது 291 ஆகிவிட்டது. இங்கே இன்னும் பழைய எண்தான்.

நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கிலும் 'தெரிந்து' என்பதுதான் முக்கியம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் வழியே நாம் ஏற்றுக்கொண்ட ஆங்கிலேயப் பொதுச்சட்டம், நாய் மூர்க்கமானது என்று சொந்தக்காரருக்கு முன்பே தெரியுமா என்று கேட்கும். தெரிந்திருந்தால், அவர் எவ்வளவு கவனமாக இருந்ததாகச் சொன்னாலும் பொறுப்பு அவருடையதே. அதற்கு நாய் ஏற்கெனவே ஒருவரைக் கடித்திருக்க வேண்டும் என்பதில்லை. பாய்ந்தது, விரட்டியது, ஆளைக் கீழே தள்ளியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தாலே வலுவான ஆதாரம். "எனக்குத் தெரியாதே" என்ற ஒரு வார்த்தையில்தான் பல வழக்குகள் நழுவிப்போகும். அதற்கு இடம் வைக்காதீர்கள்.

பேசியும் மாறவில்லை என்றால் எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம், திட்டவும் வேண்டாம். "4ஆம் தேதி காலை 6.40க்கு உங்கள் பழுப்பு நாயும் கறுப்பு நாயும் சாலைக்கு வந்து என் மகளை விரட்டின. பார்த்தவர்கள் இருவர். போன மாதமும் நேரில் வந்து சொன்னேன். பிள்ளைகள் நடக்கும் நேரத்தில் நாய்களைக் கட்டி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். தேதி போட்டுக் கையெழுத்திட்டு, கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். நாய்கள் சாலையில் நிற்கும் படமும் தேதியோடு இருக்கட்டும்.

அடுத்து எங்கே போவது? தோட்ட வீடு என்றால் நிர்வாகத்திடம். வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பின் நிலைக்கும் சுகாதாரத்துக்கும் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியிருக்கிறது. ஆகவே மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கடுத்து ஊராட்சி மன்றம்: ரந்தாவும் லாபுவும் சிரம்பான் மாநகர் மன்றத்தின் எல்லை, பஹாவ் ஜெம்போல் நகராண்மைக் கழகத்தின் எல்லை. நாய்க்கு உரிமம் இருக்கிறதா, உங்கள் இடம் அவர்களுடைய துணைச்சட்டத்துக்குள் வருகிறதா என்று இரண்டையும் கேளுங்கள். யாரையாவது கடித்துவிட்டாலோ, கடிக்கும் அளவுக்குப் போய்விட்டாலோ போலீஸ் புகார் செய்யுங்கள். அந்தப் புகாரில் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த கடிதத்தின் தேதியைக் குறிப்பிட மறக்காதீர்கள். சிறிய மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்க மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் வைக்காமலே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். அதற்குரியது 198ஆம் பாரம்.

நாய் நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடாதீர்கள். ஓடுகிற எதையும் துரத்துவது அதன் சுபாவம். கண்ணை உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, மெல்லப் பின்னால் நகருங்கள். பை, குடை, சைக்கிள் எது இருந்தாலும் நடுவில் வையுங்கள். கையை உடம்போடு ஒட்டி அசையாமல் நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும்.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ, காப்பித்தூளோ, சுண்ணாம்போ வேண்டாம். சிறிய காயமானாலும் கிளினிக்குப் போங்கள். தீபகற்பத்தில் ரேபிஸ் மறைந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது திரும்பத் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவி உயிர்களைப் பறித்தது. கடித்த நாயைப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கண்காணித்தால் அதற்கு நோய் இருக்கிறதா என்று தெரியவரும். ஆத்திரத்தில் அதை அடித்துக் கொன்றால் அந்த வழி அடைபட்டுவிடும்.

விஷம் வைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டோரில் மருந்து இருக்கிறது, ஒரு துண்டு இறைச்சி போதும் என்ற யோசனை வருத்தப்பட்ட எவருக்கும் வரலாம். வேண்டாம். 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு அபராதம் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகம் 1 லட்சம். 3 வருடம் வரை சிறையும் உண்டு. அந்த இறைச்சியை எந்த நாய் தின்னும், எந்தக் குழந்தை தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை குற்றம் அவர் பக்கம் இருந்தது. விஷம் வைத்த அன்றே அது உங்கள் பக்கம் வந்துவிடும்.

"அவர் வீட்டு நாய், நமக்கென்ன" என்று ஒதுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெகிரி செம்பிலான்காரர்கள் 1998-99ஐ மறக்க முடியாது. புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா பன்றிப் பண்ணைகளில் வைரஸ் பரவியபோது அது வேலிக்குள் நிற்கவில்லை. நாட்டில் 105 பேர் இறந்தார்கள், நாய்களுக்கும் அது தொற்றியது. ஒருவர் வளர்க்கும் பிராணி ஊரையே பாதிக்கும் என்பதை நம் மாநிலம் பெருவிலை கொடுத்துக் கற்றது. "ஒண்ணும் செய்யாது" என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. 2012இல் 74 வயது முதியவர் ஒருவர் அண்டை வீட்டு மாஸ்டிஃப் நாய் கடித்து இறந்தார்.

ஆகவே காத்திருக்க வேண்டாம். பயப்படுவது நீங்கள் மட்டுமல்ல. அதே சாலையில் நடக்கும் மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்ச் சொன்னால் அது சண்டையாகத் தெரியாது, சொந்தக்காரரும் லேசாகத் தட்டிவிட மாட்டார். இந்த வாரமே போய்ப் பேசுங்கள். பத்து நாள் பாருங்கள். மாறவில்லை என்றால் எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தைக் கொடுங்கள்.