சட்டைப் பைக்குள் கைத்துப்பாக்கி: வாங்க நினைக்கும் வணிகர்கள் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதி, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்தும் இத்தெருவில் மளிகை, பூ, பாத்திரம், நகை என அனைத்தும் விற்பனையாகின்றன. இரவில் கடையடைத்து, அன்றைய வசூலையோ நகையையோ பையில் வைத்துக்கொண்டு தனியே வீடு திரும்பும் வணிகருக்கு, பாதுகாப்புக்காக ஒரு சிறிய கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு.

அந்த எண்ணத்துடன் இணையத்தில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்கான பரிந்துரைகளே. இந்தியச் சட்டமும், இங்கு கிடைக்கும் துப்பாக்கிகளும், நம் ஊர் உடையும் வேறானவை. எனவே எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு முன் விடை காண வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

உரிமம் யாருக்குக் கிடைக்கும்?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அன்று. அரசு வழங்கும் அனுமதி. அமெரிக்காவில் வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியலமைப்பு உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அத்தகைய அடிப்படை உரிமை எதுவும் இந்திய அரசியலமைப்பில் இல்லை.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இதை ஒழுங்குபடுத்துகின்றன. விண்ணப்பதாரர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். தொழில் காரணமாக உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான பாதுகாப்புத் தேவை இருப்பதை அவர் நிறுவ வேண்டும். வணிகர் என்பது மட்டுமே போதுமான காரணம் ஆகாது. முன்பு நடந்த கொள்ளை முயற்சி, மிரட்டல் குறித்த புகார், எடுத்துச் செல்லும் பொருளின் மதிப்பு போன்றவை கணக்கில் கொள்ளப்படும்.

விண்ணப்பத்தை மாவட்ட உரிம அதிகாரி பரிசீலிப்பார். அப்பகுதிக் காவல் நிலையத்தின் அறிக்கை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்று ஆகியவை தேவைப்படும். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க ஏற்பாடு உள்ளதா என்பதும் முக்கியம்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கான சிறைத் தண்டனையும் அப்போது கடுமையாக்கப்பட்டது.

மறைத்து எடுத்துச் செல்லலாமா?

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதே தவறு என்று பலர் எண்ணுகின்றனர். விதி நேர்மாறாக உள்ளது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ அதுபோன்ற பையிலோ வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும்; அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும்; எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டுவதும் சுடுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. மீறினால் உரிமம் ரத்தாகலாம். துப்பாக்கியும் பறிமுதல் செய்யப்படலாம்.

சாலை வணிகர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, உரிமத்தின் எல்லை. சரக்கு வாங்க நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ செல்பவர் களியக்காவிளையைக் கடந்தால் தமிழ்நாட்டில் இருப்பார். உரிமத்தில் குறிக்கப்பட்ட எல்லை கேரளத்துடன் முடிந்தால், அதற்கு அப்பால் அதே துப்பாக்கி உரிமமற்றதாகிவிடும். தேர்தல் காலத்தில் அதிகாரிகள் உத்தரவிட்டால் துப்பாக்கியை ஒப்படைக்கவும் வேண்டும்.

சந்தையில் என்ன கிடைக்கிறது?

இணையப் பரிந்துரைகளில் இடம்பெறும் சிறு பிஸ்டல்களில் பெரும்பாலானவை 9 மில்லிமீட்டர் வகையைச் சேர்ந்தவை. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட ரகம். மாவட்ட அளவில் அதற்கு உரிமம் வழங்கப்படுவதில்லை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர் இறக்குமதி செய்வதும் 1980-களில் பெருமளவு தடுக்கப்பட்டுவிட்டது.

ஆகவே நடைமுறையில் உள்ளவை பெரும்பாலும் ‘.32’ ரகத் துப்பாக்கிகளே. பொதுத்துறை ஆலைகள் இவற்றை நெடுங்காலமாகத் தயாரித்து வருகின்றன. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, துப்பாக்கி ஆலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா’ நிறுவனத்தின் கீழ் வந்தன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இந்நிறுவனத்தைச் சேர்ந்ததே.

2014 ஜனவரியில் கான்பூரில் அறிமுகமான ‘நிர்பீக்’ ரிவால்வர், பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. டைட்டானியம் கலப்பு உலோகத்தாலான இதன் எடை ஏறத்தாழ 500 கிராம். அப்போதைய விலை ரூ.1,22,360. 2023 ஆகஸ்ட்டில் வந்த ‘பிரபல்’ ரிவால்வரின் எடை ஏறத்தாழ 700 கிராம். குழலின் நீளம் 76 மில்லிமீட்டர். ‘அஷானி’ என்பது மேகசினில் எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும் ‘.32’ பிஸ்டல்.

தடைக்கு முன் வந்த பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்கள் உரிமம் பெற்ற விற்பனையாளர்களிடம் கைமாறுகின்றன. கிடைப்பது அரிது என்பதாலேயே அவற்றின் விலை மிக அதிகம். ஆனால் வில்கள் தளர்ந்திருக்கலாம்; உதிரி பாகங்களும் மாற்று மேகசினும் கிடைப்பது கடினம். கீழே விழுந்தால் தானாக வெடிப்பதைத் தடுக்கும் அமைப்பு பழைய மாதிரிகள் பலவற்றில் இல்லை. பெயருக்காக வாங்குவதைவிட, தகுதியுள்ள பழுதுநீக்குநரிடம் சோதித்தபின் முடிவெடுப்பதே பாதுகாப்பானது.

ரிவால்வரா, பிஸ்டலா?

ரிவால்வரின் இயக்கம் எளிது. தோட்டா நிரம்பியுள்ளதா என்பதைச் சுழல் உருளையைத் திறந்தால் கண்ணால் காணலாம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தால் போதும், அடுத்தது வரும். ஆனால் உருளை தடித்தது என்பதால் பையில் புடைத்துத் தெரியும். விசையை நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டும் என்பதால் பயிற்சியற்றவரின் குறி எளிதில் விலகும்.

பிஸ்டல் தட்டையானது, உடைக்குள் எளிதில் மறையும். ஆனால் மேல்மூடியைப் பின்னிழுத்துத் தோட்டாவை ஏற்ற வேண்டும். பாதுகாப்புப் பூட்டை நினைவில் கொள்ள வேண்டும். மேகசினைக் கழற்றிய பின்னும் குழலின் உள்ளறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். ‘காலித் துப்பாக்கி’ வெடித்து நிகழும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டிலும் ‘.32’ என்றே எழுதப்பட்டிருந்தாலும் ரிவால்வர் தோட்டாவும் பிஸ்டல் தோட்டாவும் நீளத்தில் வேறுபட்டவை. ஒன்றை மற்றொன்றில் பயன்படுத்தக் கூடாது.

சிறியது சிறந்ததா?

துப்பாக்கி சிறிதாகச் சிறிதாக எடுத்துச் செல்வது எளிது, சுடுவது கடினம். எடை குறைந்தால் உதைப்பு கையில் அதிகம் உணரப்படும். குழல் குறுகினால் குறிமுள்களுக்கு இடையிலான தொலைவு குறைந்து, சிறு கைநடுக்கமும் குறியைப் பெரிதும் விலக்கும். கைப்பிடி குட்டையானால் சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இராது. எனவே கைக்கு அடங்கும் துப்பாக்கிகளில் மிகச் சிறியதைத் தேடாமல், உரியவரின் கை உறுதியாகப் பற்றக்கூடியதைத் தேர்வதே முறை. விசைவரை விரல் எட்டுகிறதா, மேல்மூடியை இழுக்க வலு உள்ளதா என்பதைக் கடையிலேயே, தோட்டா இல்லை என்று உறுதிசெய்தபின் பார்க்கலாம்.

எங்கே வைப்பது?

வேட்டி உடுத்துபவருக்கு இது முக்கியமான கேள்வி. சட்டைப் பை அரைக் கிலோ எடையைத் தாங்காது. குனிந்தால் துப்பாக்கி வெளியே விழும். மடியில் செருகினால் நழுவும். விசை திறந்தே இருக்கும். கெட்டியான இடைவாரும், விசைப் பகுதியை முழுவதும் மூடும் உறையும் இன்றியமையாதவை. கால்சட்டைப் பையில் வைப்பதானாலும் உறை வேண்டும். அந்தப் பையில் சாவி, நாணயம் என வேறெதுவும் இருக்கக் கூடாது.

பணப்பையில் துப்பாக்கியை வைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கொள்ளையர் முதலில் பறிப்பது அந்தப் பையைத்தான். பையுடன் துப்பாக்கியும் அவர்கள் கைக்குப் போகும்.

கடற்கரை நகரான திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றும் உடல் வியர்வையும் உலோகத்தை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். அன்றாடம் துடைப்பதும், முறையாக எண்ணெயிட்டுப் பராமரிப்பதும், ஈரம் பட்ட தோட்டாக்களை நம்பாமல் இருப்பதும் அவசியம்.

எப்போது சுடலாம்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தற்காப்பு உரிமையை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் விளக்குகிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருக்கும்போது எதிராளியின் உயிர்போகும் அளவுக்கும் தற்காப்பு நீளலாம். வழிப்பறியின்போது உடைமையைக் காப்பதற்கும் இது பொருந்தக்கூடும். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட மிகுதியான தீங்கு விளைவிக்கக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை எழாது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவரின் முதுகில் சுட்டுவிட்டு, தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம்.

சாலை போன்ற தெருவில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இரு பக்கமும் கடைகள், நடுவே சுமைதூக்குவோரும் வாடிக்கையாளர்களும். குறி தவறிய தோட்டா சுவரில் மோதித் திசைமாறலாம். எதிரே நிற்கும் எவரையும் துளைக்கலாம். அதற்கான பொறுப்பு சுட்டவருடையது.

வீட்டில் என்ன செய்வது?

உரிமம் பெற்ற துப்பாக்கியால் குடும்பத்துக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தலையணைக்கு அடியிலும் துணிகளுக்கு நடுவிலும் வைக்கப்படும் துப்பாக்கியை முதலில் கண்டெடுப்பவர் குழந்தையாக இருக்கலாம். வீடு திரும்பியதும் தோட்டாக்களை அகற்றி, உள்ளறையையும் சோதித்து, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தனித்தனியே பூட்டி வைக்க வேண்டும். சாவி உரிமதாரரிடம் மட்டுமே இருக்க வேண்டும். வீட்டில் மனச்சோர்வில் இருப்பவரோ மதுப் பழக்கம் உள்ளவரோ இருந்தால், துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவரும் முடிவையே மறுபரிசீலனை செய்வது நல்லது.

முடிவெடுக்கும் முன்

கடையடைக்கும் நேரத்தை அன்றாடம் மாற்றுவது, வசூலை வங்கி வழியாக அனுப்புவது, நகையைக் கடைப் பெட்டகத்திலேயே வைப்பது, இருவராகச் செல்வது ஆகியவை உரிமம் தேவைப்படாத பாதுகாப்பு முறைகள். இவற்றுக்குப் பிறகும் தேவை இருப்பதாகக் கருதுபவர், துப்பாக்கியின் விலையுடன் உறை, பெட்டகம், ஆண்டுதோறும் சுடுதளத்தில் பயிற்சி ஆகியவற்றின் செலவையும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாதவருக்கு எவ்வளவு சிறிய துப்பாக்கியும் ஏற்றதன்று.