பிறர் ஏட்டில் ஒரு சமயம்

ஒரு சமயத்தை அறிதற்கு வழி இரண்டு. அச்சமயத்தார் தம்மைப்பற்றித் தாமே கூறுவன ஒன்று. பிறர் அவரைப்பற்றிக் கூறுவன மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்குமிடத்தே அறிவு நிரம்பும். ஒன்று மட்டுமே கிடைப்பின், படிப்பவன் அறிந்துகொள்வது சமயத்தை அன்று. அதனைப் போற்றினாரது பற்றையோ தூற்றினாரது பகையையோ ஆகும். இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்காவிற் பிறந்த மோர்மன் சமயத்தின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். அவ்வரலாற்றின் ஒரு சிறு கிளை இலங்கைக் கரையையும் தொட்டுச் சென்றது.

நியூயோர்க் மாநிலத்தில் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஜோசப் சிமித் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர் இச்சபையை நிறுவினார். சில நாள்களுக்கு முன்னரே 'மோர்மன் நூல்' அச்சாகி வெளிவந்திருந்தது. பொற்றகடுகளிற் பொறிக்கப்பெற்றிருந்த பழைய வரலாறொன்றைத் தெய்வத் தூதரின் வழிகாட்டலாற் பெற்று மொழிபெயர்த்ததாக அவர் கூறினார். இறைவன் இக்காலத்தும் தீர்க்கதரிசிகள் வாயிலாகப் பேசுகின்றான் என்பதும், மறைந்துபோன ஆதிச்சபை மீண்டும் நிலைநாட்டப்பட்டது என்பதும், குடும்ப உறவு இறப்பின் பின்னரும் தொடரும் என்பதும் இவர்தம் தலையாய கொள்கைகள்.

1833ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட உணவொழுக்கம் மதுவையும் புகையிலையையும் சூடான பானங்களையும் விலக்கிற்று. சூடான பானம் என்பது தேநீரையும் கோப்பியையும் குறிக்கும் எனப் பின்னர்ப் பொருள்கொண்டனர். தேயிலைக் கொழுந்தையே வாழ்வாகக் கொண்ட அட்டன், நுவரெலியாப் பகுதி மக்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், கந்தசட்டிக்கு ஆறு நாள் உணவு ஒறுப்பவருக்கு இதன் உட்கருத்து விளங்காமற் போகாது. புறத்தே நின்று பார்ப்பார்க்கு வேடிக்கையாவது, அகத்தே நிற்பார்க்கு நோன்பாகும்.

மோர்மன் சமயமும் செய்தித்தாளும் ஏறத்தாழ ஒருங்கே வளர்ந்தன எனலாம். 1834ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்துப் பத்திரிகையாசிரியர் ஹௌ என்பார், சிமித்தின் அயலவர் பலரிடம் பெற்ற சத்தியக் கூற்றுகளைத் தொகுத்து, அச்சமயத்தின் முகத்திரையைக் கிழிப்பதாகக் கூறும் நூலொன்றை வெளியிட்டார். பின்வந்த கண்டன நூல்கள் பலவற்றிற்கு இதுவே ஊற்றாயிற்று. 1838ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மிசூரி மாநில ஆளுநர், மோர்மன்களை அழித்தல் வேண்டும் அல்லது மாநிலத்தினின்றும் துரத்துதல் வேண்டும் எனக் கட்டளை பிறப்பித்தார். அக்கட்டளை முறைப்படி நீக்கப்பட்டது 1976ஆம் ஆண்டிலேயே ஆகும். 1887ஆம் ஆண்டில் கொனன் டொயில் வெளியிட்ட முதல் ஷேர்லக் ஹோம்ஸ் கதையிலும் மோர்மன்கள் கொடியோராகவே தோன்றுகின்றனர். அவர்களை ஒருநாளும் நேரிற் கண்டறியாத வாசகர் பல்லாயிரவர்க்கு இக்கதையே சான்றாயிற்று.

இவ்வளவிற் கொண்டு, பத்திரிகைகள் எல்லாம் பொய்யுரைத்தன என முடிவுசெய்தல் தவறாகும். 1844ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் நாவூ நகரில், சபையை விட்டு நீங்கிய சிலர் பத்திரிகையொன்றை வெளியிட்டனர். தலைவர்கள் மறைவிற் பலதார மணம் புரிகின்றனர் என்பது அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. மூன்று நாள்களின் பின், சிமித்தைத் தலைவராகக் கொண்ட நகரசபையின் ஆணைப்படி அவ்வச்சியந்திரம் உடைத்தெறியப்பட்டது. அதன் விளைவாகச் சிறையிலிடப்பட்ட சிமித்தை, யூன் 27ஆம் நாள் வெறிகொண்ட கும்பல் சுட்டுக் கொன்றது. ஆயினும் அப்பத்திரிகை கூறிய செய்தியில் உண்மை இருந்தது. பலதார மணத்தைச் சபை 1852ஆம் ஆண்டில் வெளிப்படையாக அறிவித்தது. 1890ஆம் ஆண்டில் அதனைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. நிறுவுநர் தாமே பல மனைவியரை மணந்தமையை 2014ஆம் ஆண்டில் சபையின் கட்டுரைகளே விரிவாக ஒப்புக்கொண்டன. ஆகவே, அகத்தார் மறைப்பதைப் புறத்தார் காட்டுதலும் உண்டு. அகத்தார் உணர்வதைப் புறத்தார் காணாமற் போதலும் உண்டு.

இனி, இச்சமயம் கீழைநாடு வந்த வரலாற்றை நோக்குவாம். 1853ஆம் ஆண்டில் மோர்மன் போதகர் குழுவொன்று கல்கத்தாவை அடைந்தது. சீயம் நாட்டிற்கு அனுப்பப்பட்டவருள் வெஸ்ற், டூயி என்னும் இருவர் இலங்கைக்கு வந்தனர். ஈண்டு நிலையூன்ற இயலாது பம்பாய்க்குச் சென்றனர். சென்னையிற் பணிபுரிந்த றிச்சட் பலன்ரைன் என்பார், தம் கொள்கையைத் தாமே எடுத்துரைத்தற்பொருட்டு 1854ஆம் ஆண்டில் மாத இதழொன்றை அச்சிட்டு வெளியிட்டார். அம்முயற்சிகள் நெடுநாள் நிலைக்கவில்லை.

அதே 1854ஆம் ஆண்டு இலங்கைத் தமிழர் வரலாற்றில் வேறு இரண்டு நிகழ்ச்சிகளால் நினைவுகூரத் தக்கது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுகநாவலர் 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டார். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளரிடையே கிறித்தவத்தைப் பரப்புதற்குத் 'தமிழ்க் கூலி மிசன்' தொடங்கப்பட்டது. தேயிலை பரவியது பின்னரேயாம். கடல்கடந்து வந்த அமெரிக்கர் சென்னையிற் செய்ய முயன்றதையே நாவலர் வண்ணார்பண்ணையிற் செய்தார்: பிறர் ஏட்டில் இழிக்கப்பட்ட தம் சமயத்திற்குத் தம் அச்சுக்கூடத்தில் விடை அச்சிட்டார். அவ்விடைக்கு வலிமை தந்தது சினம் அன்று; கல்வி. பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற் பல்லாண்டு துணைநின்ற நாவலர், எதிர்த்தரப்பின் வேதத்தை அதன் மூல வாக்கியங்களிலேயே அறிந்திருந்தார்.

தோட்டத்து மக்களுக்கோ அத்தகைய அச்சுக்கூடம் அன்று இல்லை. அக்காலத்துப் பாதிரிமார் நூல்கள் பல, தமிழகத்துக் கிராமத் தெய்வ வழிபாட்டைப் பேய் வழிபாடு எனக் குறித்தன. அவ்வழிபாட்டையே லயத்தார் கடல்கடந்து கொண்டுவந்தனர். மாரியம்மன் திருவிழாவும், காமன் கூத்தும், முனியாண்டிக்கு இடும் படையலும், தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனிக்குச் செய்யும் பூசையும், பனிமலையில் உயிரைப் பணயம்வைத்து உழைத்தோர் தம் அச்சத்தையும் நன்றியையும் தெய்வத்திடம் ஒப்புவித்த வகைகளாம். இதனைப் பேய் வழிபாடு என ஒரு சொல்லில் அடக்கியவர் அம்மக்களிடம் வினவி எழுதினாரல்லர். சமயத்திற்கு நேர்ந்ததே பெயருக்கும் நேர்ந்தது. 'கூலி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் பிறர் இட்ட பெயர்கள் நெடுங்காலம் வழங்கின. 1920களில் நடேசையரின் 'தேசநேசன்', 'தேசபக்தன்' முதலிய பத்திரிகைகள் தொழிலாளர் நிலையை எடுத்துரைக்கத் தொடங்கின. மலையகத் தமிழர் என்னும் பெயர் பின்னர் அவர் தாமே விரும்பி ஏற்றதாகும். மோர்மன் என்பதும் பிறர் இட்ட பெயரே. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்னும் முழுப்பெயராலேயே தம்மை வழங்குமாறு அச்சபையின் தலைவர் 2018ஆம் ஆண்டில் வேண்டிக்கொண்டார்.

பிறர் கொள்கையை எவ்வாறு அணுகல் வேண்டும் என்பதற்குச் சைவ மரபிலேயே முறை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியுடையது. பரபக்கத்தில், உலகாயதம் முதலாகப் பதினான்கு புறக்கொள்கைகளை ஆசிரியர் எடுத்துக்கொள்கின்றார். ஒவ்வொன்றின் மதத்தையும் முதலிற் கூறுகின்றார். அதன் பின்னரே மறுக்கின்றார். மறுத்தல் உறுதியாகவே நிகழ்கின்றது. ஆயினும், எதிரியின் வாதத்தை எடுத்துரையாது மறுக்கும் வழக்கம் அங்கில்லை. இம்முறைக்கு ஓர் எளிய அளவுகோல் கூறலாம்: ஒரு சமயத்தைப்பற்றி எழுதியதை அச்சமயத்தான் படித்து, "ஆம், இஃது என் கொள்கையே" என ஒப்புக்கொள்ளல் வேண்டும். அதற்குப் பின்னரே ஆராய்ச்சிக்கு உரிமை பிறக்கும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. புதுச்சபையினர் லயங்களுக்கு வருங்கால், ஒரே வீட்டில் தாய் மாரியம்மனுக்கு விளக்கேற்ற, மகன் செபக்கூட்டத்திற்குச் செல்லுதல் நேர்கின்றது. கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யக் கருதிய சட்டமூலமொன்று 2004ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்பிற்கு முரணானவை என உயர் நீதிமன்றம் கண்டது. சிந்தனைக்கும் மனச்சான்றுக்கும் சமயத்திற்கும் உரிய சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லார்க்கும் உறுதிசெய்கின்றது. எனினும், தாயையும் மகனையும் ஒரே கூரையின்கீழ் வாழவைப்பது சட்டமன்று. ஒருவர் வணங்குவது யாது என மற்றவர் அறிந்திருத்தலேயாம்.

ஆதலின், துண்டுப்பிரசுரமோ செய்தித்தாளோ கையிற் கிடைக்கும் மாணவன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதனைக் கூறுவார் யார்? கூறப்பட்டவர் இதற்கு என்ன விடை கூறுவர்? அவ்விருவரையும் விட்டு நீங்கி நிற்கும் சான்று யாது? மோர்மன் சமயத்தை அதன் பகைவர் நூலால் மட்டும் அறிந்து நகைப்பவன், ரோதமுனியைப் பேய் என எழுதியவன்மீது குறைகூறும் உரிமையை இழக்கின்றான். பிறர் ஏட்டிற் பழிக்கப்பட்ட மக்களுக்குப் பிறரைப்பற்றி நேர்மையாக எழுதும் கடப்பாடு ஏனையோரினும் மிகுதியாம்.